வாசிப்பு வகுப்பில் புத்தக அறிக்கை வேண்டுமா, கலந்துரையாடல் போதுமா?

கேள்வி: மொழியாசிரியை

அனைவருக்கும் வணக்கம். பதினொரு வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான மாணவர்களுக்கு மொழிப்பாடம் கற்பிக்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை, அதாவது 45 நிமிடங்கள், கதைப் புத்தகங்கள் வாசிப்பதற்கென்றே எங்கள் பள்ளியில் ஒதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு மாணவரும் மாதம் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்து, அதைப் பற்றி ஒரு பக்க அளவில் அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பது நான் பணியில் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள நடைமுறை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், முக்கியக் கதைமாந்தர்கள், கதைச்சுருக்கம், பிடித்த பகுதி, கதை உணர்த்தும் நீதி என்று அந்த அறிக்கைக்கு ஆறு தலைப்புகள் உண்டு. மொத்தம் 10 மதிப்பெண்கள்.

ஏழு ஆண்டுகளாக இந்த அறிக்கைகளைத் திருத்தி வருகிறேன். எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று என்னால் சொல்ல முடியாது. வகுப்பில் கூர்மையாகப் பேசுகிற பிள்ளைகூட, அறிக்கை என்று வந்துவிட்டால் யாரோ முன்பே வகுத்துக் கொடுத்த வாக்கியங்களுக்குள் ஒடுங்கிவிடுகிறாள். "பிடித்த பகுதி" என்ற தலைப்பின் கீழ்ப் பெரும்பாலும் கதையின் முடிவே எழுதப்படுகிறது. "நீதி" என்ற தலைப்பின் கீழ், கதை எதைப் பற்றியதாக இருந்தாலும், உண்மை பேச வேண்டும் என்றோ பெற்றோரை மதிக்க வேண்டும் என்றோ எழுதப்படுகிறது.

சென்ற மாதம் ஒரு மாற்றம் செய்து பார்த்தேன். எல்லாருக்கும் ஒரே சிறுகதையைப் படிக்கக் கொடுத்து, அறிக்கை வேண்டாம், அடுத்த வகுப்பில் இதைப் பற்றிப் பேசுவோம் என்றேன். தம்பி உடைத்த கண்ணாடிக்கு அக்கா தன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளும் கதை அது. முதலில் எல்லாரும் அக்காவின் பாசத்தைப் புகழ்ந்தார்கள். அறிக்கையாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அப்போது ஒரு மாணவன், "அவள் பாசத்தால் சொல்லவில்லை. இதுவும் தெரிந்தால் வீட்டில் ஒரு வாரம் சத்தமாக இருக்கும், அதைத் தாங்க முடியாமல் சொன்னாள்" என்றான். அப்படிக் கதையில் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். அக்கா அறைக்கதவைச் சாத்திவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொள்வதாக முதல் பக்கத்தில் வரும் வரியை அவன் வாசித்துக் காட்டினான். அந்த வரியை நான் நான்கைந்து முறை படித்திருக்கிறேன். அது அங்கே ஏன் இருக்கிறது என்று ஒருமுறைகூட எண்ணியதில்லை.

ஆயினும் அன்று மாலை சில கவலைகளும் வந்தன. 34 பேர் உள்ள வகுப்பில் வாய் திறந்தவர்கள் ஒன்பது பேர்தான். எஞ்சிய 25 பேர் என்ன நினைத்தார்கள் என்பதற்கு என்னிடம் சிறு குறிப்புகூட இல்லை. அவர்களில் இருவர் கதையைப் படிக்கவே இல்லை என்பதும், பிறர் பேசியதைக் கேட்டே கதையைத் தெரிந்துகொண்டார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. பேச்சுக்கு எப்படி மதிப்பெண் இடுவது, பெற்றோர் கேட்டால் எதைக் காட்டுவது என்று தலைமையாசிரியர் கேட்டதையும் நியாயமற்றது என்று சொல்ல முடியவில்லை.

அறிக்கையை அடியோடு கைவிட்டால் நாம் எதை இழப்போம்? கைவிடாமல் வைத்துக்கொண்டால், அது வாசிப்பைக் கெடுக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? வகுப்பறையில் இதைக் கையாண்டு பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

வணக்கம் அம்மா. தாங்கள் குறிப்பிட்ட ஆறு தலைப்புகளையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவற்றில் ஐந்து, புத்தகத்தைப் படித்தாயிற்று என்று மேலிருப்பவருக்கு மெய்ப்பிப்பதற்காக வைக்கப்பட்டவை. "பிடித்த பகுதி" என்பது ஒன்றுதான் படித்தவரை நோக்கிக் கேட்கப்படுவது. அதையும் மற்ற ஐந்தின் நடுவே வைத்தால் பிள்ளைகள் அதே தொனியில்தான் நிரப்புவார்கள். பிள்ளைகள் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு, அதற்கு ஏற்றதைக் கொடுக்கிறார்கள்.

இலக்கிய வாசிப்பைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் ரோசன்பிளாட், 1978இல் எழுதிய நூலில் இருவகை வாசிப்பைப் பிரித்துக் காட்டினார். குழந்தை நச்சுத் திரவத்தைக் குடித்துவிட்ட நிலையில், புட்டியின் மேலுள்ள மாற்று மருந்துக் குறிப்பைத் தாய் படிப்பது ஒருவகை. அங்கே சொல்லின் ஓசையோ அழகோ அவளுக்குப் பொருட்டல்ல; படித்து முடித்ததும் கையில் எஞ்சும் செய்தி ஒன்றே வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே தனக்குள் என்ன எழுகிறது, எது உறுத்துகிறது என்பதில் தோய்ந்து படிப்பது இன்னொரு வகை. ஒரே பக்கத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம்; படிப்பவர் எதை நாடி உட்காருகிறார் என்பதே வேறுபாடு. அறிக்கை எழுத வேண்டும் என்ற நினைப்போடு கதையைத் திறக்கும் பிள்ளை முதல் பக்கத்திலிருந்தே புட்டியின் குறிப்பைப் படிக்கும் தாயாகிவிடுகிறது. காதைப் பொத்திக்கொண்ட அக்கா அந்தக் கண்ணுக்குப் படமாட்டாள், ஏனென்றால் ஆறு தலைப்புகளில் எதிலும் அவளுக்கு இடமில்லை.

இது நமக்குப் புதிய செய்தியுமன்று. ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான் என்றும், உடன் பயில்வோரோடு பழகிப் படிப்பதால் இன்னொரு கால் பங்கு வரும் என்றும், மீதி அரைப் பங்கு பிறருக்குத் தானே விளக்கிச் சொல்லும்போதுதான் நிறையும் என்றும் பவணந்தியார் நன்னூலில் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். வினாவுதலும், பிறர் வினாவியதற்கு விடை சொல்லுதலும் அவர் கூறும் படிப்பு முறைக்குள்ளேயே அடங்கும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் நான் முதல் கால் பங்கை மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கலந்துரையாடல் என்ற பெயரில் பல வகுப்புகளில் நடப்பது கலந்துரையாடலே அன்று. ஆசிரியர் கேட்கிறார், ஒரு மாணவர் விடை சொல்கிறார், ஆசிரியர் "சரி" என்றோ "தவறு" என்றோ சொல்லி அடுத்த கேள்விக்குப் போகிறார். வகுப்பறைப் பேச்சின் இந்த மூன்றடி அமைப்பை ஹியூ மேகன் என்ற சமூகவியலாளர் 1979இல் விரிவாக எடுத்துக்காட்டினார். வாயால் எழுதும் அறிக்கை என்றே அதைச் சொல்லலாம். தங்கள் வகுப்பில் அன்று நடந்தது அதிலிருந்து வேறுபட்டது, ஏனெனில் "கதையில் எங்கே இருக்கிறது" என்ற கேள்வியைத் தாங்கள் கேட்கவில்லை, இன்னொரு மாணவி கேட்டாள். அந்த வகுப்பிலேயே சிறந்த நொடி அதுதான் என்பேன்.

பேசியவர்கள் ஒன்பது பேர்தான் என்று வருந்துகிறீர்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதை 1970களில் கண்டறிந்தார். அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" என்ற விடை குறைந்தது, கேட்காமலேயே பேச முன்வருவோரும் கூடினர். 3 நொடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீண்டதாகத் தோன்றும். முதல் சில வாரங்கள் நான் மேசையின் அடியில் விரல்விட்டு எண்ணிப் பழகினேன். ஒருவர் பேசி முடித்ததும் "நன்று" என்று சொல்லாமல் இருப்பது அதைவிடக் கடினம். ஆயினும் அந்தச் சொல் விழுந்தவுடன் அதுவே சரியான விடை என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மறுமொழி 2: எழுத்துப் பயிற்சி ஆசிரியர்

மேலே ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அறிக்கையின் குறையை எழுத்தின் குறையாக நாம் கொண்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படித்ததைப் பற்றி எழுதுவது படித்ததைப் புரிந்துகொள்ள உதவுகிறதா என்ற கேள்வியை ஸ்டீவ் கிரகாம், மைக்கேல் ஹெபர்ட் இருவரும் 2010இல் ஏராளமான வகுப்பறை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். உதவுகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. தனக்குத் தோன்றியதை எழுதுதல், சுருக்கி எழுதுதல், குறிப்பெடுத்தல், கேள்விக்கு எழுத்தில் விடையளித்தல் ஆகிய எல்லாமே பயன் தந்தன. நாம் இங்கே இவ்வளவு குறை சொல்லும் கதைச்சுருக்கமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகையால் சுருக்கி எழுதுவதே வீண் வேலை என்று சொல்வதற்கு இடமில்லை.

அப்படியானால் நம் அறிக்கைகள் ஏன் பயனற்றுப் போகின்றன? புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பின்னட்டையில் உள்ளதைச் சற்றே மாற்றி எழுதும்போது மனம் எந்த வேலையும் செய்வதில்லை. இப்போது பின்னட்டைகூட வேண்டாம், கணினியிடம் கேட்டாலே ஒரு பக்கம் எழுதித் தந்துவிடுகிறது. இதற்கு மாறாக, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினால் அது வேறு வேலை. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஓர் உரைநடைப் பகுதியை ஒரு குழுவினர் மீண்டும் படித்தார்கள், இன்னொரு குழுவினர் அதைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது நினைவுகூர்ந்து எழுதியவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். வகுப்பறையிலேயே, புத்தகத்தை மூடிவைத்து, பத்து நிமிடத்தில் எழுதும் அரைப் பக்கத்துக்கு வீட்டிலிருந்து வரும் அழகிய ஒரு பக்கத்தைவிட மதிப்பு அதிகம் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் எழுத்துப்பிழை இருக்கும், வாக்கியம் பாதியில் நிற்கும். இருக்கட்டும்.

கலந்துரையாடலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேரன் மர்ஃபியும் அவருடைய குழுவினரும் வகுப்பறைக் கலந்துரையாடல் முறைகள் பலவற்றை ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் அதிகம் பேசச் செய்வதில் பெரும்பாலான முறைகள் வெற்றி பெற்றன. ஆனால் பேச்சு கூடியதாலேயே புரிதல் கூடிவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பதும் வாசிப்பு ஆழமானது என்பதும் ஒன்றல்ல. தங்கள் வகுப்பில் அந்த மாணவன் முதல் பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் தன் கருத்தை மட்டும் சொல்லி அமர்ந்திருந்தால், அவரவர் வீட்டுச் சண்டைகளைப் பற்றிய சுவையான பேச்சாக அது முடிந்திருக்கக்கூடும். கதை பின்னால் போயிருக்கும்.

ஆகவே பேசுவதற்கு முன் எழுத வேண்டும் என்பதே என் கருத்து. வகுப்பின் முதல் ஏழெட்டு நிமிடங்களில், எனக்கு விளங்காத ஓர் இடம், ஏன் விளங்கவில்லை என்று நான்கு வரி எழுதட்டும். பிடித்தது என்ன என்று கேட்பதைவிட விளங்காதது என்ன என்று கேட்டால் பொய் சொல்வதும் கடினம், பிறர் எழுதியதைப் பார்த்து எழுதுவதும் கடினம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் இதற்குத் தொடக்கத்தில் மிகவும் தயங்குவார்கள். விளங்காத இடமே இல்லை என்று எழுதித் தருவார்கள். ஓரிரு மாதங்களில் மாறிவிடும்.

மறுமொழி 3: ஒரு தந்தை

ஆசிரியர்களின் உரையாடலில் பெற்றோரின் சொல்லுக்கும் இடமுண்டு என்று எண்ணி எழுதுகிறேன். என் மகள் எட்டு வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு புத்தகம், ஓர் அறிக்கை என்ற முறை வந்த பிறகு, அலமாரி முன் நின்று முதலில் பக்க எண்ணைப் பார்க்கிறாள். படம் அதிகமுள்ள, மெல்லிய நூல்களாகத் தேர்ந்தெடுக்கிறாள். முந்நூறு பக்கக் கதை ஒன்றை ஆசையோடு தொடங்கியவள், அறிக்கை தரவேண்டிய நாள் நெருங்கியதும் அதைப் பாதியில் மூடிவிட்டு வேறொரு சிறு நூலை ஒரே மாலையில் முடித்து எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெரிய புத்தகத்தை அவள் மீண்டும் திறக்கவில்லை. அந்த மாதம் அவளுக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்கள். பெற்றோருக்கு எதைக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் மதிப்பெண்ணைக் காட்ட வேண்டாம். அவள் பாதியில் விட்ட புத்தகம் எது, ஏன் விட்டாள் என்று யாராவது கேட்டுச் சொன்னால் போதும்.

மறுமொழி 4: முன்னாள் மாணவி, பேசாதவள்

தங்கள் வகுப்பில் பேசாத 25 பேரில் ஒருத்தியாக நான் இருந்திருப்பேன். எனக்குப் பேச்சில் திக்கல் உண்டு. பள்ளி நாட்களில், சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ சென்றிருக்கும். கலந்துரையாடல் வகுப்புகளை எல்லாரும் விடுதலை போலப் பேசுகிறார்கள். எனக்கு அவை அச்சம் தருபவையாக இருந்தன. யாராவது என் பெயரைச் சொல்லி அழைத்துவிடுவார்களோ என்ற நினைப்பிலேயே கதை மறந்துபோகும்.

அதனால் எனக்கு அந்த ஒரு பக்க அறிக்கை தேவைப்பட்டது. ஆனால் அந்தத் தலைப்புகளுக்குள் நான் சொல்ல விரும்பியதற்கு இடமில்லை. ஒருமுறை, கதையில் இறந்துபோன நாயைப் பற்றி நூலாசிரியர் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்ததன் மேல் எனக்கு அடங்காத கோபம் வந்தது. அதைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் சிறிய எழுத்தில் எழுதிவிட்டேன். மொழியாசிரியை அறிக்கைக்கு மதிப்பெண் இட்டுவிட்டு, அந்தப் பென்சில் எழுத்தின் பக்கத்தில், "எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அவனால் அதற்குமேல் சொல்ல முடியாததால்தான் ஒரே வரியில் நிறுத்தினானோ?" என்று எழுதியிருந்தார். கதையைச் சொல்பவன் அந்த நாயை வளர்த்த சிறுவன். எழுதியவரின் அவசரம் என்று நான் நினைத்தது அந்தச் சிறுவனின் துயரமாக இருக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

அடுத்த மாதமும் நான் ஓரத்தில் எழுதினேன், அவரும் பதில் எழுதினார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. வகுப்பில் நான் பத்துச் சொற்கள்கூடப் பேசியிருக்க மாட்டேன், ஆனால் அந்த வகுப்பில் என்னளவுக்குப் புத்தகங்களைப் பற்றி உரையாடியவர் யாரும் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே எழுத்தா, பேச்சா என்று நீங்கள் கேட்பதைவிட, எழுதியதற்கு யாராவது மறுமொழி சொல்கிறார்களா என்று கேட்டால் நான் எளிதாக விடை சொல்வேன். ஒரு மதிப்பெண்ணும் ஒரு சிவப்புக் கோடும் மட்டும் திரும்பி வரும் தாளில் எவரும் தன் மனத்தில் உள்ளதை எழுத மாட்டார்கள். அதே சமயம், பேசாதவர்களைப் பேச வைப்பதை ஒரு சாதனையாகக் கருதி எங்களை எழுப்பி நிறுத்தாதீர்கள் என்றும் வேண்டிக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கெடுப்பதுதான். அன்று காதைப் பொத்திக்கொண்ட அக்காவைப் பற்றிப் பேச்சு நடந்தபோது, வாய் திறக்காமல் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி: மொழியாசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்ற ஐந்து வாரங்களாகத் தாங்கள் சொன்னவற்றைச் சிறிது சிறிதாகக் கையாண்டு பார்த்தேன். விளைவைச் சொல்லாமல் இருப்பது முறையல்ல.

வகுப்பின் தொடக்கத்தில், விளங்காத ஓர் இடத்தைப் பற்றிச் சிறு தாளில் எழுதச் சொன்னேன். முதல் வாரம் பாதிப் பேர் அருஞ்சொற்களுக்குப் பொருள் கேட்டு எழுதியிருந்தார்கள். ஏமாற்றமாக இருந்தாலும், இத்தனை சொற்கள் தெரியாமலேயே இதுவரை அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன என்பது அப்போதுதான் புலப்பட்டது. மூன்றாம் வாரம் முதல் கேள்விகள் மாறின. "அவன் மன்னிப்புக் கேட்டதாகக் கதையில் இல்லை, ஆனாலும் நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள், இடையில் என்ன நடந்தது?" என்று எழுதிய மாணவி, ஆண்டு முழுவதும் என்னிடம் தானாக ஒரு சொல் பேசாதவள். அவளை எழுப்பவில்லை. பெயர் சொல்லாமல் கேள்வியை மட்டும் வகுப்பின் முன் வாசித்தேன். 20 நிமிடங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே போயின. அவள் தலைகுனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசியில் தன் தாளில் மேலும் இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தாள்.

மறுமொழி எழுதுவதுதான் பெரும் சுமையாக இருக்கிறது. 34 தாள்களுக்கும் வாரந்தோறும் எழுத என்னால் இயலவில்லை. இப்போது ஒரு வாரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது பேர் வீதம், மாதத்தில் ஒருமுறையாவது ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரிகள் எழுதுகிறேன். மற்றவற்றைப் படிப்பதோடு சரி. விரல்விட்டு எண்ணிக் காத்திருப்பதும் பழகிவிட்டது. "நன்று" என்ற சொல்லைத்தான் இன்னும் விட முடியவில்லை.

இரண்டு சிக்கல்கள் எஞ்சியுள்ளன. எல்லாரும் ஒரே கதையைப் படித்தால்தான் பேச முடிகிறது. அப்படியானால் தாமே தேர்ந்தெடுத்துப் படிக்கும் உரிமை போய்விடுகிறது. இரண்டாவது, அந்த 10 மதிப்பெண்கள்.

மறுமொழி 5: வாசிப்புக் குழுக்களை நடத்தும் ஆசிரியர்

முதல் சிக்கலுக்கு நான் கண்ட வழியைச் சொல்கிறேன். நான்கைந்து படிகள் கிடைக்கக்கூடிய ஏழெட்டு நூல்களை முன்னால் வைத்து, ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு நிமிடம் பேசி, முதல் பக்கத்தை வாசித்துக் காட்டி, மாணவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஒரே நூலைத் தேர்ந்தவர்கள் ஒரு குழுவாவார்கள். 34 பேர் பேசுவது அரங்கம். நால்வர் பேசுவது உரையாடல். நால்வரில் ஒருவர் படிக்காமல் வந்தால் முதல் இரண்டு நிமிடத்திலேயே மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும், ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திக்கல் உள்ள பிள்ளைக்கும் மூன்று பேர் முன் பேசுவது சற்று எளிதாக இருக்கலாம். இருந்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் குழு முறையை 1994இல் நூலாக எழுதிப் பரவலாக்கியவர் ஹார்வி டேனியல்ஸ். கேள்வி கேட்பவர், சொற்களைத் தேடுபவர், படம் வரைபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பும் அதற்கொரு தாளும் கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து பல பள்ளிகளுக்குச் சென்றது. ஆனால் பிள்ளைகள் அந்தத் தாளை நிரப்பி, வரிசையாக வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வதைக் கண்ட டேனியல்ஸ், பிற்காலத்தில் தாமே அந்தத் தாள்களை நம்பியிருக்க வேண்டாம் என்று எச்சரித்தார். நானும் அதே குழியில் ஓர் ஆண்டு முழுவதும் விழுந்து கிடந்தேன். ஆறு தலைப்புள்ள அறிக்கை போய் நான்கு தலைப்புள்ள அறிக்கை வந்திருந்தது, அவ்வளவுதான். இப்போது தாள் எதுவும் கொடுப்பதில்லை. நிறுத்திப் பேச வேண்டும் என்று தோன்றிய மூன்று இடங்களில் காகிதத் துண்டு செருகிக்கொண்டு வரச் சொல்கிறேன். பேச்சு தேங்கினால் அடுத்த துண்டைத் திறந்து அந்தப் பத்தியை வாசிப்பார்கள். எழுத்துப் பயிற்சி ஆசிரியர் அஞ்சியதைப் போலப் பேச்சு கதையை விட்டு விலகாமல் இருக்க இந்தத் துண்டுகளே பெரிதும் உதவுகின்றன.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, பேச்சுக்கு மதிப்பெண் இடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நான் இட்டுப் பார்த்தேன். மதிப்பெண்ணுக்காகப் பேசுபவர்கள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். தங்கள் முறை வரும்வரை காத்திருந்து, சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அதற்குப் பதிலாக, உரையாடல் முடிந்தபின் புத்தகத்தை மூடி எழுதும் அரைப் பக்கத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம். அதில் நான் கேட்பது ஒன்றே: இந்தக் கதையைப் பற்றி முதலில் என்ன நினைத்தாய், யார் சொன்னது அல்லது எந்த வரி அதை மாற்றியது, மாறவில்லை என்றால் எதனால் மாறவில்லை? தங்கள் வகுப்பில் அன்று வாய் திறக்காத 25 பேரும் இதை எழுத முடியும். இணையத்திலிருந்து எடுத்தும் எழுத முடியாது, ஏனென்றால் அந்த வகுப்பில் அன்று யார் என்ன சொன்னார் என்பது அங்கே இருந்தவருக்கு மட்டுமே தெரியும். தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் காட்டுவதற்கு அந்த அரைப் பக்கமே போதுமானதாக என் அனுபவத்தில் இருந்திருக்கிறது.

மேலே ஒரு தந்தை கேட்டதையும் நான் இவ்வாண்டு சேர்த்துக்கொள்ளப் போகிறேன். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், பாதியில் விட்ட புத்தகங்களின் பெயரும் விட்ட பக்க எண்ணும் எழுதுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது, திருத்தமும் கிடையாது. முதல் வாரத்திலேயே 11 பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் மூவர் விட்டிருப்பது ஒரே புத்தகத்தை, ஏறத்தாழ ஒரே பக்கத்தில். வருகிற வெள்ளிக்கிழமை அந்த மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.